காலுக்கு விலை பேசுகிறவர்கள்

நன்றாக ஓடுகிற ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது ஊரே வழி சொல்ல வந்துவிடுகிறது. 'படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? கால்ல தெறம இருக்கும்போதே காசாக்கிக்க' என்கிறது ஒரு தரப்பு. 'காலு எத்தன நாளைக்கு ஓடும்? காலேஜில சேரு, ஓடிக்கிட்டே படி' என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பேருமே அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கால்களால் வருகிற லாபம் யாருக்குப் போகிறது? கால் நின்றுபோன பிறகு அந்தப் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சுகிறது?

இந்த வழக்கு அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வெளிப்படையாக நடந்துவருகிறது. அங்கே பள்ளி முடிக்கிற ஓட்டக்காரரின் முன்னால் இரண்டு வாசல்கள். ஒன்று பல்கலைக்கழகம், மற்றது ஷூ கம்பெனி. இந்த இரண்டு வாசலிலும் அதிகம் அடிபட்டவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். 1972-இல் மும்பையில் தலித் பாந்தர் அமைப்பு உருவானபோது கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது பெயரை மட்டுமில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் ஒடுக்கப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து கற்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். ஆகவே அவர்களுடைய ஓட்டப்பாதையை முதலில் பார்த்துவிட்டு நம்முடையதற்கு வருவோம்.

முதலில் 'அமெச்சூர்' என்கிற சொல்லைப் பார்க்க வேண்டும். காசுக்காக அல்லாமல் விளையாட்டின் மேலுள்ள அன்பால் விளையாடுகிறவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1879-இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் எழுதிவைத்த விதி என்ன சொன்னது தெரியுமா? கைவினைஞர், மெக்கானிக், கூலித் தொழிலாளி இவர்கள் யாரும் அமெச்சூர் ஆக முடியாது. காசு வாங்கி விளையாடினாரா இல்லையா என்பதுகூட அங்கே பிரச்சினை இல்லை. கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் கனவான்களோடு போட்டி போடக்கூடாது, அவ்வளவுதான். இது என்ன சட்டம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மனு இங்கிலீஷ் படித்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பான்.

அந்த விதியின் பேரப்பிள்ளைதான் ஒலிம்பிக்கின் அமெச்சூர் விதி. அமெரிக்கப் பழங்குடியினரான ஜிம் தோர்ப் 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டே இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். மாணவராக இருந்தபோது கோடைக்காலத்தில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடினாராம், அதுதான் குற்றம். அதே காலத்தில் வேறு மாணவர்களும் பொய்ப் பெயரில் ஆடிக் காசு வாங்கினார்கள். தோர்ப் சூது தெரியாமல் சொந்தப் பெயரில் ஆடினார், மாட்டிக்கொண்டார். 1953-இல் அவர் இறந்தார். பதக்கத்தைத் திருப்பித் தர முடிவெடுத்தது 1982-இல். அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளர் அவர்தான் என்று பதிவைத் திருத்தியது 2022-இல். ஒரு மனிதனின் உழைப்பை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

ஜெஸ்ஸி ஓவன்ஸை எல்லோருக்கும் தெரியும். 1936-இல் ஹிட்லரின் பெர்லினில் நான்கு தங்கம் வென்றவர். அவர் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் என்பதையும், அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு விளையாட்டு உதவித்தொகை ஒன்றும் தரவில்லை என்பதையும் எத்தனை பேர் அறிவோம்? கறுப்பர் என்பதால் வளாகத்துக்கு வெளியே தங்கினார். லிஃப்ட் இயக்கிப் பிழைத்தார். அப்படி வாழ்ந்துகொண்டுதான் 1935 மே 25 அன்று ஆன் ஆர்பரில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்து நான்காவதைச் சமன் செய்தார். பெர்லினில் வென்ற கையோடு, தடகளச் சங்கம் அவரை ஐரோப்பா முழுக்க ஓடவிட்டு வசூல் பார்த்தது. ஓய்ந்துபோய், இனி முடியாது, வீட்டுக்குப் போகிறேன் என்றதும் தடை போட்டது. பட்டப்படிப்பு முடியவில்லை, ஓடவும் வழியில்லை. உலகத்தின் மிக வேகமான மனிதர் காசுக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடினார். 1972-இல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டது.

ஓவன்ஸுக்குக் கல்லூரி இருந்தது, கல்லூரியின் பயன் இல்லை. ஓட்டம் இருந்தது, ஓட்டத்தின் காசு இல்லை. 'காலேஜா, தொழிலா' என்று கேட்கிறவர்கள் முதலில் இந்த மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு உதவித்தொகை வந்தது. அதோடு 'மாணவ விளையாட்டு வீரர்' என்கிற சொல்லும் வந்தது. 1950-களில் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இந்தச் சொல்லைப் பரப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டத்தில் அடிபட்டு முடமானவர்களும், செத்துப்போனவர்களின் மனைவிமாரும் தொழிலாளர் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். 'இவர்கள் தொழிலாளி இல்லை, மாணவர்கள்' என்று சொல்லிவிட்டால் நட்டஈடு தர வேண்டாமே! அந்த அமைப்பை 1951 முதல் 1987 வரை நடத்திய வால்டர் பையர்ஸ், ஓய்வுபெற்ற பிறகு 1995-இல் எழுதிய நூலில் இந்த ஏற்பாட்டைத் தானே கண்டித்தார். தோட்ட முதலாளிகளின் மனோபாவம் அது என்றார். அடிமைகள் பருத்தி எடுத்த தோட்டங்களைத்தான் சொன்னார். பண்ணையார் ஓய்வுபெற்ற பிறகு பண்ணையத்தைப் பற்றி உண்மை பேசுவது நாம் பார்க்காததா!

அப்படியானால் கல்லூரி என்பதே சுரண்டல், நேரே ஷூ கம்பெனிக்குப் போ என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஏனென்றால் கல்லூரி என்ற பெயரில் இன்னொன்றும் நடந்திருக்கிறது.

டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் கறுப்பர்களுக்கென்று இருந்த கல்வி நிலையம். அங்கே எட் டெம்பிள் என்ற பயிற்சியாளர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கறுப்பினப் பெண்களை ஓடவைத்தார். டைகர்பெல்ஸ் என்று அந்த அணிக்குப் பெயர். சரியான மைதானம் கிடையாது. போட்டிக்குப் போகிற வழியில் வெள்ளையர் ஓட்டல்களில் சோறு கிடையாது, கழிப்பறையும் கிடையாது. அந்தப் பெண்கள் வளாகத்தில் தினமும் வேலை செய்து தங்கள் படிப்புச் செலவைக் கழித்தார்கள். அங்கிருந்து 40 பேர் ஒலிம்பிக் போனார்கள். 23 பதக்கங்கள், அதில் 13 தங்கம். இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அந்த 40 பேரில் 39 பேர் பட்டம் வாங்கினார்கள்.

அவர்களில் ஒருவர்தான் வில்மா ருடால்ஃப். 22 பிள்ளைகளில் 20-ஆவது. போலியோவால் கால் சூம்பிக் கம்பி கட்டி நடந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்று திரும்பியபோது சொந்த ஊர் கிளார்க்ஸ்வில்லில் வரவேற்பு ஏற்பாடு செய்தார்கள். வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்றால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஊரின் வரலாற்றில் முதல்முறையாக இரு இனமும் சேர்ந்து நின்ற நிகழ்ச்சி அதுதான். 1963-இல் பட்டம் வாங்கி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் போனார். பேசத் தெம்பு எங்கிருந்து வந்தது? கால் மட்டும் கொடுத்த தெம்பு இல்லை அது. கால் போனாலும் நான் பிழைத்துக்கொள்வேன் என்று தெரிந்தவளின் தெம்பு.

1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோவில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். இருவரும் சான் ஹோசே மாநிலக் கல்லூரி மாணவர்கள். அந்தப் போராட்டத்துக்கு அமைப்பு கட்டிய ஹாரி எட்வர்ட்ஸ் அதே கல்லூரியில் சமூகவியல் பாடம் நடத்தியவர். ஓட்டக்காரனுக்கு அரசியல் பாடம் கிடைத்த இடம் வகுப்பறையும் விடுதியும்தான். இருவரையும் ஒலிம்பிக்கிலிருந்து விரட்டினார்கள், கொலை மிரட்டல் வந்தது, வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் ஸ்மித் பட்டத்தை முடித்திருந்தார். பிற்காலத்தில் சாண்டா மோனிகா கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். முஷ்டி உயர்த்தியவனுக்கு எந்த ஷூ கம்பெனி ஓய்வூதியம் கொடுத்திருக்கும்?

இப்போது அடுத்த வாசலைப் பார்ப்போம்.

ஷூ கம்பெனியின் ஒப்பந்தம் சம்பளம் மாதிரி இருக்கும், ஆனால் சம்பளம் இல்லை. ஓட்டக்காரர் தொழிலாளியாகக் கணக்கில் வரமாட்டார், 'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்பார்கள். இத்தனை போட்டி ஓடாவிட்டால், தரவரிசையில் இறங்கிவிட்டால் பணம் குறையும் என்று விதிகள் இருக்கும். காலில் எலும்பு முறிந்தால் வருமானமும் முறியும். மேரி கெய்ன் என்ற வெள்ளையினப் பெண் 2013-இல் 17 வயதில் கல்லூரி அணியில் ஓடுவதைத் தவிர்த்துவிட்டு நைக்கி கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். எடையைக் குறை, குறை என்று நெருக்கியதில் மாதவிடாய் மூன்று ஆண்டுகள் நின்றுபோனது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019-இல் நியூயார்க் டைம்ஸ் வழியாக அவரே சொன்னார். நிறம் வெளுப்பாக இருந்தும் காப்பாற்ற ஆளில்லை. தனியாகப் போகிற எந்தப் பிள்ளைக்கும் இதுதான் நிலை.

ஆனால் அலிசன் ஃபெலிக்ஸ் கதை வேறு. 2003-இல் பள்ளி முடித்ததும் அடிடாஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். ஓடக் காசு வாங்கியதால் கல்லூரி அணிக்கு ஓட முடியாது. ஆனால் கல்லூரியில் படிக்க யார் தடுத்தது? தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிக்கிற கட்டணத்தைக் கம்பெனியே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தார்கள். ஒரு கையில் காசு, இன்னொரு கையில் பட்டம். பிற்காலத்தில் நைக்கிக்கு மாறினார். 2018-இல் கர்ப்பமானபோது, முன்பு கொடுத்ததைவிட 70 சதவீதம் குறைவாகத் தருவதாகச் சொன்னார்கள் என்று 2019 மே மாதம் பத்திரிகையில் எழுதினார். மற்ற பெண் ஓட்டக்காரர்களும் பேசினார்கள். அந்த ஆகஸ்டிலேயே கம்பெனி தன் விதியை மாற்றியது. பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு 18 மாதம் பணம் குறைக்கக்கூடாது என்று ஆனது. 11 ஒலிம்பிக் பதக்கங்களைவிட அந்த ஒரு விதிமாற்றம் பெரிது என்பது நம் கருத்து. பிறகு வருகிற பெண்களுக்கெல்லாம் அது பயன்படும்.

இதற்கிடையில் சட்டமும் மாறியது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.-வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட ஓர் உடன்பாட்டின்படி முதல் ஆண்டில் ஒரு கல்லூரி 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களோடு நேரடியாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றானது. 'அப்புறம் என்ன, பிரச்சினை தீந்துச்சே' என்று தோன்றும். தீரவில்லை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. ஓட்டக்காரருக்கு எப்போதுமே கடைசிப் பந்திதான். பழைய கணக்கில் பெரிய கல்லூரிகளில்கூட ஆண்கள் தடகள அணி முழுமைக்கும் 12.6 உதவித்தொகை, பெண்களுக்கு 18. அதைத் துண்டு துண்டாக்கி அத்தனை பேருக்கும் பிய்த்துக் கொடுப்பார்கள். இப்போது அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்திருக்கிறது. நட்சத்திரத்துக்கு இரண்டு வாசலும் திறக்கும். ஐந்தாவதாக வருகிற பிள்ளைக்கு?

இந்தக் கதைகளிலிருந்து நாம் எடுக்கிற முடிவு ஒன்றுதான். கல்லூரியில் ஓடியதால் ஓவன்ஸ் பிழைக்கவில்லை. தொழிலுக்குப் போனதால் ஃபெலிக்ஸ் கெடவில்லை. ஓட்டத்துக்கு விலையாகப் படிப்பு கிடைத்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள், படிப்பை விலையாகக் கொடுத்து ஓடியவர்கள் கம்பெனியின் தயவில் நின்றார்கள்.

இனி நம்முடைய பாதைக்கு வருவோம்.

நம் ஊரில் ஷூ கம்பெனி யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. இங்கே ஓட்டக்காரருக்குத் 'தொழில்' என்றால் ரயில்வே, போலீஸ், ராணுவம். ஸ்போர்ட்ஸ் கோட்டா. விடியற்காலையில் பைபாஸ் ஓரமாக ஓடுகிற நம்ம பசங்களைப் பாருங்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் போலீஸ் தேர்வின் ஓட்டம் பாஸ். அதை ஐந்து நிமிடத்துக்குள் ஓடுகிறவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். அவன் உலகத்தில் அந்த ஓட்டத்துக்கு அதற்கு மேல் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ராணுவத்திலோ 2022 முதல் அக்னிவீர் திட்டம். நான்கே ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் 22, 23 வயதில் ஊர் திரும்ப வேண்டும். ஓடுகிற வயதை வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்புகிற வியாபாரம் அமெரிக்காவில் மட்டும் இல்லை.

கல்லூரி மட்டும் யோக்கியமா? கோட்டாவில் இலவச சீட் என்று கூப்பிடுவார்கள். கேடயம் ஜெயித்துத் தர வேண்டும், அதற்குத்தான் சீட்டு. வகுப்புக்குப் போக விடமாட்டார்கள், வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுதவும் விடமாட்டார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் கேடயம் கல்லூரி முதல்வர் அறைக்கண்ணாடி அலமாரியில் இருக்கும், பிள்ளையிடம் பதினான்கு அரியர் இருக்கும். இதைக் கல்லூரி என்று எப்படிச் சொல்வது?

சாந்தி சௌந்திரராஜனை நாம் மறக்க முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள், நம் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். உலகத்தின் முன்னால் அவமானப்படுத்தினார்கள். எந்தச் சங்கம் அவருக்காக வழக்காடியது? எந்த அமைச்சகம் கொதித்தது? 2012-இல் அவர் மறுபடியும் சூளையில் நாள்கூலிக்கு நின்றபோதுதான் பத்திரிகைகளுக்கு நினைவு வந்தது. பிறகு பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பை முடித்தார். இழுத்தடிப்புகளுக்குப் பிறகு அரசுப் பயிற்சியாளர் ஆனார். பதக்கத்தைப் பறிக்க ஒரு சோதனைச்சாலை போதுமாக இருந்தது. படித்து வாங்கிய பட்டயத்தைப் பறிக்க எந்தச் சோதனைச்சாலையாலும் முடியவில்லை. ஆனால் அந்தப் படிப்பு அவருக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்திருக்க வேண்டாமா? ஓடிக்கொண்டிருந்தபோதே அதை யாராவது கையில் கொடுத்திருந்தால் சூளைக்குத் திரும்பியிருப்பாரா?

தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். 'வீட்ல அடுப்பு எரியல, நீங்க டிகிரி பேசுறீங்களே?' நியாயமான கேள்வி. பசியோடு இருக்கிற பிள்ளையிடம் 'முதல்ல படி' என்று உபதேசிப்பது நடுத்தர வர்க்கத் திமிர். வேலை வந்தால் வாங்கத்தான் வேண்டும். காசு வந்தால் வாங்கத்தான் வேண்டும். காசை வாங்குவது கேவலம் என்று சொன்னவன் அந்த ஹென்லி கனவான்தான், நாம் இல்லை. நாம் சொல்வது, வாங்குகிற தாளில் படிப்பும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது.

இதில் நமக்கு முன்னோடி உண்டு. அண்ணல் அம்பேத்கரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். 1913-இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்தார். திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கையெழுத்துப் போட்டுக் கொலம்பியா போனார். 1917-இல் வேலைக்குப் போனபோது பியூன்கள் கோப்பைத் தூக்கி எறிந்தார்கள், தங்கிய விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். சில நாட்களில் வெளியேறினார். ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போடவில்லை. ஏன்? அந்த ஒப்பந்தத்துக்கு விலையாக அவர் வாங்கியிருந்தது கல்வி. வேலையைப் பிடுங்கலாம், இருப்பிடத்தைப் பிடுங்கலாம், கொலம்பியாவில் படித்ததை யார் பிடுங்க முடியும்?

ஆகவே இயக்கமும் மாணவர் அமைப்புகளும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பணி ஆணை கொடுக்கிற துறை, பட்டப்படிப்புக்கான கட்டணத்தையும் விடுப்பையும் அந்த ஆணையிலேயே எழுத வேண்டும். அடிபட்டாலும் பிள்ளை பெற்றாலும் வேலையும் சம்பளமும் குறையக்கூடாது. கல்லூரி, போட்டி நாட்களை வருகை நாட்களாகக் கணக்கிட வேண்டும். போட்டி நாளில் தேர்வு வந்தால் மறுதேர்வு வைக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதியில் இருக்கிற ஓட்டக்காரருக்கு அவர் உடம்பு கேட்கிற அளவுக்குச் சோறு, முட்டை, பால் வேண்டும். சிறப்புக் கூறு நிதி எங்கெங்கோ போகிறது, விடுதிக்குப் பக்கத்தில் ஒரு மண் தடம் போட ஏன் போகக்கூடாது? கேட்போம்.

அதுவரைக்கும் நம் ஊரில் ஓடுகிற பிள்ளை எந்தத் தாளிலும் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் தோழர், படித்த ஒரு அக்கா, ஒரு பி.டி. மாஸ்டர் உட்கார வேண்டும். தாளைப் புரட்டி மூன்று கேள்வி கேட்க வேண்டும். கால் உடைந்தால் என்ன தருவீர்கள்? படிப்புக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? எத்தனை ஆண்டு கழித்து வெளியே அனுப்புவீர்கள்? பதில் இருந்தால் கம்பெனியோ, ரயில்வேயோ, கல்லூரியோ, போகட்டும். பதில் இல்லாத தாளை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும்.